வில்லனும் நம் சொத்துதான்

(பண்பொழியில் வாசகர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருமலைக் குமாரசாமி குடிகொண்ட மலையின் அடிவாரத்தில் நின்று பேசுகிறேன். இந்த ஊரில் சூரபத்மனை அறியாதவர் யாரும் இருக்க முடியாது. இராவணனை அறியாதவரும் இருக்க முடியாது. அவர்களைப் பற்றிப் பாட, ஆட, எழுத, பொம்மை செய்ய நாம் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்ததுகூட இல்லை. அந்த வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்த ஒரு வில்லனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவன் பெயர் பீட். மிக்கி மவுஸ் கார்ட்டூன்களில் வருவானே, தொப்பை வயிறும் முரட்டு மூஞ்சியுமாக ஒரு பூனை, அவன்தான்.

மிக்கி மவுஸின் முதல் உருவம் 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுச்சொத்தானது. உலகமே அதைப் பேசியது. பீட்டைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால் அவன் மிக்கியைவிட மூன்று வயது மூத்தவன். மிக்கிக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே விடுதலையும் பெற்றவன். ஒரு கதையின் நாயகன் பொதுச்சொத்தாவதைவிட வில்லன் பொதுச்சொத்தாவது ஒரு சமூகத்துக்கு அதிகம் பயன் தரும் என்பது என் கருத்து. அதற்கான சான்றுகள் அமெரிக்காவைவிட இந்தத் தென்காசிச் சீமையில்தான் அதிகம் கிடைக்கின்றன. அவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பீட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1925 பிப்ரவரியில் வால்ட் டிஸ்னியின் சிறு நிறுவனம் ‘ஆலிஸ் சால்வ்ஸ் த பசில்’ என்ற மௌனப் படத்தை வெளியிட்டது. உண்மையான ஒரு சிறுமி, வரைந்த உலகத்துக்குள் போய் விளையாடுவதாக அமைந்த படவரிசை அது. அந்தப் படத்தில் ஆலிஸ் குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றைப் போட்டுக்கொண்டிருப்பாள். அதைப் பிடுங்கிக்கொள்ள ஒரு கரடி வரும். அது அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம். கள்ளச்சாராயம் கடத்துபவனாக அந்தக் கரடியைக் காட்டி, ‘பூட்லெக் பீட்’ என்று பெயர் வைத்தார்கள். பீட்டின் பிறப்பு அதுதான்.

ஆலிஸ் படங்கள் ஓய்ந்தன. 1927-இல் ஆஸ்வால்ட் என்ற முயல் நாயகனானான். பீட் அங்கேயும் வில்லனாக வந்தான். மறு ஆண்டே ஒரு பேரிடி விழுந்தது. ஆஸ்வால்டின் உரிமை யூனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸோடு டிஸ்னிக்கு உடன்பாடு முறிந்தபோது, தன் குழு வரைந்து வளர்த்த முயலைத் தன்னுடையது என்று சொல்ல டிஸ்னியால் முடியவில்லை. படைத்தவன் ஒருவன், உரிமையாளன் வேறொருவன். அந்த இழப்பிலிருந்து பிறந்தவன்தான் மிக்கி. அந்த எலியை வரைவதில் பெரும்பங்கு அப் ஐவர்க்ஸ் என்ற அபாரமான ஓவியருடையது. ஆஸ்வால்ட் முயல் டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பி வர 2006 வரை ஆயிற்று. அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரைப் போட்டி நிறுவனத்துக்குப் போகவிட்டு, அதற்கு ஈடாக முயலை வாங்கிக்கொண்டார்கள்.

ஆலிஸ் போனாள், ஆஸ்வால்ட் போனான், மிக்கி வந்தான். மூன்று நாயகர்களுக்கும் எதிரி ஒருவனே. நாயகர்கள் மாறிக்கொண்டே இருக்க, வில்லன் நிலைத்து நின்றான். பீட்டின் வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி இது. கதை நடப்பதற்கு எதிராளி வேண்டும். நல்லவன் யார் என்பதைக் காலம் மாற்றிக்கொள்ளும். அவனைச் சோதித்துப் பார்க்க ஒரு முரடன் எப்போதும் தேவைப்படுகிறான்.

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் ‘ஸ்டீம்போட் வில்லி’ திரையிடப்பட்டது. ஏறக்குறைய எட்டு நிமிடப் படம். இசையும் ஓசையும் அசைவோடு இம்மி பிசகாமல் பொருந்தியதால் கொண்டாடப்பட்டது. நீராவிப் படகின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மிக்கி சீட்டியடிக்கும் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சீட்டி முடிவதற்குள் கேப்டன் வந்துவிடுவான். அவன்தான் பீட். இப்போது கரடி இல்லை, பூனை. மிக்கியின் வயிற்றைப் பிடித்து இழுப்பான், அது ரப்பராக நீளும். அவனைத் துரத்திவிட்டுப் புகையிலையைக் கடித்து மென்று துப்புவான். துப்பியது காற்றில் திரும்பி வந்து படகின் மணியில் பட்டு ‘டங்’ என்று ஒலிக்கும். அதில் பூரித்துப்போய் மறுபடி துப்புவான். இம்முறை அது அவன் முகத்திலேயே வந்து விழும். சில வினாடிக் காட்சிதான். ஆனால் அதிகாரத்தில் இருக்கும் முரடனின் முழுக் குணமும் அதில் இருக்கிறது. தன் ஆற்றலில் தானே மயங்குகிறான், அதனாலேயே அவமானப்படுகிறான். படத்தின் முடிவில் மிக்கியை உருளைக்கிழங்கு தோலுரிக்க உட்கார வைப்பவனும் அவன்தான். வில்லன் தண்டனை இல்லாமலே தப்புகிறான் என்பதையும் கவனியுங்கள்.

இந்தப் படத்தின் உரிமை எப்போது முடிந்திருக்க வேண்டும்? 1928-இல் இருந்த அமெரிக்கச் சட்டப்படி முதலில் 28 ஆண்டு, புதுப்பித்தால் இன்னும் 28 ஆண்டு, ஆக மொத்தம் 56 ஆண்டு. 1984-இல் முடிந்திருக்கும். 1976-இல் சட்டத்தைத் திருத்தி 75 ஆண்டு ஆக்கினார்கள். கெடு 2003-க்குப் போயிற்று. 1998-இல் மறுபடி திருத்தி 95 ஆண்டு ஆக்கினார்கள். கெடு 2023 முடிவுக்குப் போயிற்று. அந்தத் திருத்தத்தை மிக்கி மவுஸ் காப்புச் சட்டம் என்றே மக்கள் அழைத்தார்கள். எல்ட்ரெட் என்ற இணையப் பதிப்பாளர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2003-இல் தோற்றார். இதன் விளைவாக, 1999 தொடங்கி 20 ஆண்டுகள் அமெரிக்காவில் காலக்கெடு முடிந்து பொதுவுக்கு வந்த வெளியீடு ஏதுமில்லை. கதவு 2019-இல்தான் மறுபடி திறந்தது. அதன்பின் ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் ஓர் ஆண்டின் படைப்புகள் வெளியே வருகின்றன. 1925-இன் படைப்புகள் 2021-இல் வந்தன, பீட்டின் முதல் படமும் அவற்றில் ஒன்று. 1928-இன் படைப்புகள் 2024-இலும், 1930-இன் படைப்புகள் 2026-இலும் வந்தன.

மாணவர்களே, ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவுக்கு வந்திருப்பது அந்தந்தப் பழைய படத்தில் உள்ள உருவமும் கதையும்தான். பின்னாளில் பீட்டுக்குச் சேர்த்த குணங்களும், புதிய உடையும், புதிய படங்களும் இன்னும் உரிமைக்கு உட்பட்டவை. அது போக, வணிகச் சின்னம் என்ற தனி உரிமை ஒன்று உண்டு. நீங்கள் செய்த பொருளை டிஸ்னி நிறுவனமே செய்தது என்று வாங்குபவர் நம்பும்படி விற்கக் கூடாது. கால அளவும் நாட்டுக்கு நாடு மாறும். இந்த வரம்புகள் தெரிந்தால் பயமில்லாமல் வரையலாம். எல்லை தெரியாத இடத்தில்தான் கை நடுங்கும்.

மிக்கி விடுதலையானதும் என்ன நடந்தது? அவனைக் கொலைகாரனாகக் காட்டும் பேய்ப்படங்கள் வந்தன. பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் ஒரு பாடம் தெரிகிறது. நாயகன் பொதுவுக்கு வந்தால், அவன் முகத்தில் கரி பூசிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் முதலில் எழுகிறது. வில்லன் பொதுவுக்கு வந்தால் நடப்பது வேறு. அவன் ஏன் அப்படி ஆனான் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியைத் தமிழர்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

கந்தசஷ்டி சூரசம்காரத்தை நினைத்துப் பாருங்கள். நம் தெற்கத்தி ஊர்களில் சூரன் பொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் ஓடுவார்கள், முன்னும் பின்னும் பாய்வார்கள், சுவாமியை வலம் வருவார்கள். முதலில் யானை முகம். வேல் பட்டதும் அந்தத் தலையைக் கழற்றிவிட்டு அதே கழுத்தில் சிங்க முகத்தைச் செருகுவார்கள். அதுவும் போனதும் மீசையும் கோரைப்பல்லுமாகச் சூரனின் சொந்த முகம். பிறகு மாமரம், சேவல். உடம்பு ஒன்று, தலைகள் மாறுகின்றன. கூட்டத்தில் நிற்கும் குழந்தைக்கு அந்த உடம்பு உயிரோடு உருமாறுவதாகவே தெரிகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் படத்தை மாற்றி வைத்து உயிரூட்டும் கலையைப் பின்னாளில் அமெரிக்க ஸ்டூடியோக்கள் பெரிய தொழிலாக வளர்த்தன. அதன் அடிப்படைச் சூட்சுமம் நம் தேரடியில் திறந்த வெளியில் நடந்துகொண்டுதான் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் சூரன் போர் என்று இதையே இன்னொரு விதமாக ஆடுகிறார்கள். அங்கே சூரனைத் தூக்கி ஆட்டுபவர்களின் திறமையைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

கதை முடிவைக் கவனியுங்கள். சூரன் அழிவதில்லை. இரண்டாகப் பிளந்த மாமரம் மயிலாகவும் சேவலாகவும் மாறுகிறது. எதிரி வாகனமாகிறான், கொடியாகிறான். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். போர்க்களத்தில் முருகனின் பெருவடிவைக் கண்ட சூரன் ஒரு கணம் மனம் உருகி, தன் கோபம் போனதே என்று வியந்து நிற்கிறான். பிறகுதான் ஆணவம் திரும்புகிறது. வில்லனுக்குள் ஒரு பக்தன் எட்டிப் பார்த்த அந்தக் கணத்தை எழுத அவர் யாரிடமும் உரிமம் வாங்கவில்லை. வாங்க வேண்டியிருந்தால் அந்தப் பகுதி பிறந்தே இருக்காது.

இராவணன் கதையும் இப்படித்தான். சம்பந்தர் குற்றாலத்தைப் பாடியவர். அவருடைய பதிகங்களில் எட்டாவது பாடலில் இராவணன் வருவது வழக்கம். கயிலையைத் தூக்கப் பார்த்து, விரலால் நசுக்குண்டு, பிறகு இசைபாடி அருள் பெற்றவனாக வருகிறான். தண்டிக்கப்பட்டவனே அருள் பெற்றவனும் ஆகிறான். நம் சிவாலயத் திருவிழாக்களில் சுவாமி எழுந்தருளும் வாகனங்களில் பத்துத் தலை இராவணனும் ஒன்று. கம்பன் கையில் அவன் மாவீரனாகிறான், தன் ஆசையாலேயே அழியும் பெருமகனாகிறான். தோற்பாவைக் கூத்தில் விளக்குக்கும் திரைக்கும் நடுவே ஆட்டுத்தோலில் நடக்கிறான். 1946-இல் புலவர் குழந்தை 3,100 பாடல்களில் இராவண காவியம் எழுதி அவனையே தலைவன் ஆக்கினார். 1948-இல் அரசு அந்த நூலைத் தடை செய்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. அந்தக் காவியத்தின் கருத்தோடு ஒருவர் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். ஆனால் அதை எழுதும் உரிமை அவருக்கு இருந்தது. இராவணன் ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருந்திருந்தால் தடை போட அரசுகூடத் தேவைப்பட்டிருக்காது. ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும்.

உரிமையாளன் ஒருவனே இருந்தால் வில்லன் ஒரே முகத்தோடு இருப்பான். உரிமை எல்லோருக்கும் இருந்தால் அவனுக்கு வேறு முகங்கள் கிடைக்கும். எதிராளியின் பக்கம் நின்று ஒரு முறை பார்க்கத் தெரிந்த சமூகம், தன் நாயகர்களையும் கண்மூடி வணங்காது. இதைத்தான் வில்லன் பொதுச்சொத்தாவதன் பயன் என்கிறேன்.

பழங்கதைக்கு இது சரி, அச்சு யந்திரமும் சினிமாவும் வந்த பிறகு எழுதியதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில் கடையம். பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1918 முடிவில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுபட்ட பாரதி அங்கேதான் வந்து தங்கினார். 1920-இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட வேண்டும் என்பது அவர் திட்டம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் பரவும் என்று நம்பினார். அதற்கு மக்களிடம் கடன் கேட்டார். பணம் வரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் சென்னையில் மறைந்தார்.

அவர் போன பின் அந்த எழுத்துகளின் உரிமை கைமாறியது. நூல்களின் உரிமை அவருடைய தம்பி விசுவநாதனிடம் சென்றது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படம் 1947-இல் பாரதி பாடல்களை ஊரெங்கும் கொண்டுபோனது. அது அவர் செய்த தொண்டு. ஆனால் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது உரிமைப் பிரச்சினை எழுந்தது. தமிழ்நாடே பாடும் பாட்டை ஒருவர் பாட, இன்னொருவர் தடுக்க முடியும் என்ற நிலையை மக்கள் அப்போதுதான் கண்ணெதிரே கண்டார்கள். டி.கே. சண்முகம், பொதுவுடைமைத் தலைவர் ஜீவா போன்றோர் குரல் கொடுத்தார்கள். 1949 மார்ச்சில் முதலமைச்சர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதியின் படைப்புகளை ஏற்பதாக அறிவித்தது. செட்டியார் தம் உரிமையைப் பணம் வாங்காமலே அரசிடம் ஒப்படைத்தார். ஐம்பதுகளின் நடுவில் அரசு அந்த உரிமையை மக்களுக்கே விட்டுக்கொடுத்தது. ஒரு எழுத்தாளனின் உரிமையை அரசு பெற்றுப் பொதுவாக்கியது உலகில் இதுவே முதல் முறை என்று இந்த வரலாற்றை ஆராய்ந்த ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதியிருக்கிறார்.

அன்றைய சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு உரிமை உண்டு. 1971 வரை காத்திருக்க வேண்டிய பாரதி, ஏறக்குறைய 16 ஆண்டு முன்னதாகவே நமக்குக் கிடைத்தார். அங்கே அமெரிக்காவில் ஓர் எலிக்காக வேலியை இரண்டு முறை நகர்த்தினார்கள். இங்கே ஒரு கவிஞனுக்காக வேலியையே எடுத்தார்கள். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, நான் தமிழன் என்பதில் எனக்கு வரும் பெருமைக்கு அளவில்லை. அதன்பின் தமிழ்நாடு அரசு 150-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகையும் தருகிறது.

இந்திய அரசும் ஒரு முறை வேலியை நகர்த்தியது உண்டு. தாகூர் 1941-இல் மறைந்தார். 1991-இல் உரிமை முடியும் நேரத்தில் 50 ஆண்டை 60 ஆண்டாக்கினார்கள். அதுவே இன்றும் நம் சட்டம். எழுத்துக்கு ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு.

இப்போது நம் காலத்து வில்லி ஒருத்தியிடம் வருகிறேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் நந்தினி. 1954-இல் கல்கி மறைந்தார். 1999-இல் அவர் நூல்கள் நாட்டுடைமை ஆயின. பொன்னியின் செல்வனைப் படமாக்க 1958-இல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கியிருந்தார், படம் வரவில்லை. நாட்டுடைமை ஆன பின் எத்தனை பதிப்பகங்கள், எத்தனை விலைகளில், எத்தனை வடிவங்களில் அதை வெளியிட்டன என்பதை எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் பார்க்கலாம். நாடகமானது, சித்திரக் கதையானது, ஒலிநூலானது. 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் இரண்டு படங்களாக வந்தது. ஒவ்வொரு வடிவம் வரும்போதும் மக்கள் வாதாடிய பாத்திரம் யார்? அருள்மொழிவர்மனைப் பற்றி அதிக வாதம் இல்லை. அவன் நல்லவன், முடிந்தது. நந்தினியைப் பற்றித்தான் வாதம். அவள் கெடுத்தாளா, கெடுக்கப்பட்டாளா? பழி வாங்கியது குற்றமா, அவளுக்கு இழைத்தது குற்றமா? நாவலைப் படித்த பெண்கள் பலர் நந்தினிக்காகப் பேசக் கேட்டிருக்கிறேன். பொதுவுக்கு வந்த எதிர்ப்பாத்திரம் எப்படி ஒரு சமூகத்தின் மனச்சாட்சியோடு பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்து, படைத்தவனுக்குரிய நியாயத்தைப் பேசியாக வேண்டும். எல்லாம் எல்லோருக்கும் என்று சொல்லிவிட்டு எழுதியவனைப் பட்டினி போடுவது அறமாகாது. பாரதியின் குடும்பம் பட்ட பாடு நமக்குத் தெரியும். உழைத்தவன் உயிரோடு இருக்கும் வரை அவன் உழைப்பின் பலன் அவனுக்கு வர வேண்டும். அவன் பிள்ளைகள் தலையெடுக்கும் வரை அவர்களுக்கும் வரலாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கேள்வி, எப்போது முடிவது என்பதுதான். முடிவே இல்லாத உரிமை படைத்தவனைக் காப்பதில்லை, வாங்கி வைத்திருப்பவனைத்தான் காக்கிறது. ஆஸ்வால்ட் முயல் விஷயத்தில் டிஸ்னியே அந்தக் கசப்பை அனுபவித்தவர்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோற்பாவைக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதைகள் பொது, பொம்மைகளின் வடிவமும் பொது. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உளியால் துளையிட்டு, சாயம் ஏற்றி, ஒரே ஆளாகப் பல குரலில் பேசி, கையாலும் காலாலும் ஒலி எழுப்பி இரவு முழுக்க இராவணனை நடமாட வைத்த குடும்பங்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. அவர்களுடைய பாவைகளின் படங்களை எடுத்து நாம் அட்டைப்படம் போடுகிறோம், சுவரில் மாட்டுகிறோம். சட்டம் தடுக்காமல் போகலாம். ஆனால் அந்தக் கலைஞனின் பெயரைச் சொல்லாமல், கூலி கொடுக்காமல், ஒரு நாள் கூத்துக்கும் அழைக்காமல் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வது தவறு. சட்டம் விட்ட இடத்தில் மனச்சாட்சி வேலை செய்ய வேண்டும்.

பொதுச்சொத்து என்பது நம் ஊர்க் குளத்தைப் போன்றது. தண்ணீர் எல்லோருக்கும் பொது. கரை உடைந்தால் அடைப்பதும், தூர் வாருவதும், மடையைச் சீராக்குவதும் எல்லோருக்கும் பொது. குடிமராமத்து என்ற ஏற்பாட்டை இந்தத் தெற்கு மாவட்டங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உரிமை முடிந்த நூல் ஒன்று மறுபதிப்பு காணாமல் கரையான் அரித்துப் போனால் அது பொதுச்சொத்தாகியும் பயனில்லை. உரிமை முடிந்த படத்தின் சுருள் கிடங்கில் நைந்து போனால் சட்டம் கொடுத்த விடுதலையை யார் அனுபவிப்பது? 1998-இல் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் நாட்டுடைமை நூல்களை யாரும் படிக்கத் தருகிறது. இவைதான் நம் காலத்துக் குடிமராமத்து. இதில் நீங்களும் ஒரு கூடை மண் சுமக்கலாம்.

காப்பதோடு நில்லாமல், பழையதிலிருந்து புதியதும் செய்ய வேண்டும். குற்றாலத்தின் சித்திர சபையைப் பார்த்திருப்பீர்கள். கூத்தப்பெருமானே அங்கே ஓவியமாக எழுந்தருளியிருக்கிறார். சுவர் முழுக்கக் கதைகள். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் அந்த ஊரின் மலையையும் அருவியையும் வைத்துக் குற்றாலக் குறவஞ்சி பாடினார். 1944-இல் ருக்மிணி தேவி அதை எடுத்துக் கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகமாக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிங்கனும் சிங்கியும் இருபதாம் நூற்றாண்டு மேடையில் ஆடினார்கள். கவிராயரின் பெயர் மறையவில்லை, முன்னைவிட அதிகம் பேருக்குத் தெரிந்தது. பழையதை எடுத்துப் புதியது செய்பவர் பெயரைச் சொல்லிச் செய்தால், முன்னவரும் வாழ்வார், பின்னவரும் வாழ்வார்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் கையில் இருக்கும் செல்போனிலேயே இன்று அசைபடம் செய்ய முடியும். 1928-இல் ஒரு ஸ்டூடியோ முழுவதும் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் வரைந்த வேலையை நீங்கள் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிப் பார்க்கலாம். ‘ஸ்டீம்போட் வில்லி’யைத் தேடிப் பாருங்கள். பீட் துப்பும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், ஒரு அசைவை எத்தனை படமாகப் பிரித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாடம் அங்கே இருக்கிறது. ஆனால் பாடத்தைக் கற்றுக்கொண்ட பின் பீட்டையே திரும்பத் திரும்ப வரைய வேண்டாம். உங்களுக்கு வீரமகேந்திரபுரத்துச் சூரன் இருக்கிறான், அவன் தம்பி சிங்கமுகன் இருக்கிறான். அண்ணன் செய்வது தவறு என்று எடுத்துச் சொல்லிவிட்டு, அவனுக்காகவே போரில் மடிந்தவன் அந்தச் சிங்கமுகன். அவன் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எட்டு நிமிடப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். உலகம் பார்க்கும்.

உரிமை பற்றிய மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் அது பொதுவுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். 1965-இல் வெளியான நம் திரைப்படங்களின் உரிமை 2025 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அவற்றின் வசனத்துக்கும் பாட்டு வரிகளுக்கும் இசைக்கும் தனித்தனி உரிமை இன்னும் இருக்கலாம். இரண்டாவது, எடுத்த இடத்தைச் சொல்லுங்கள். மூன்றாவது, நீங்கள் படைத்ததை ஒருவர் விலை பேசினால், கையெழுத்துப் போடும் முன் தாளை முழுக்கப் படியுங்கள். எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த வடிவத்துக்குக் கொடுக்கிறோம் என்று கேளுங்கள். ஆஸ்வால்டை இழந்த டிஸ்னியின் கதை உங்களுக்கு நேர வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடகப் பிரதிகள், வில்லுப்பாட்டு ஏடுகள், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். நூலகத்துக்குக் கொடுங்கள், அல்லது பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இந்தச் சீமையில் யாரோ ஒருவர் எழுதிய சூரன், யாரோ ஒருவர் பாடிய இராவணன், அந்தத் தாள்களில் இருக்கலாம். அவனுக்கு இன்னொரு முகம் கொடுக்க இந்தப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சொத்தை ஒப்படைப்பது நம் கடமை. அதை நாம் செய்வோம்.